பாயும் பானையும் ஏற்றிய பயணம்

வாகனத்தில் பாயும் பானையும் ஏற்றுவதென்றால், சகோதரிகளே, எங்களில் பலருக்கு நினைவில் வருவது ஒன்றுதான். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கியபோது எனக்கு ஆறு வயது. அப்பாவின் லாண்ட்மாஸ்டர் பெட்டியில், அரிசி மூட்டைக்கும் அம்மாவின் தையல் மெசினுக்கும் நடுவில் இருந்தபடிதான் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தேன்.

அதனால்தான் 2024 செப்டெம்பரில், "இரண்டு நாள் லீவு இருக்குதப்பா, வானிலேயே சமைச்சு வானிலேயே படுத்து நுவரெலியா போய் வருவமா?" என்று கணவர் கேட்டபோது எனக்கு உடனே சந்தோஷம் வரவில்லை. படுக்கையும் அடுப்பும் பொருத்திய வான்களில் வெளிநாட்டுத் தம்பதிகள் ஊர் சுற்றுவதைக் கண்டியில் நாங்கள் காண்பதுண்டு. எங்களுடையதோ வாடகைக்கு ஓடும் பழைய வான். அவர் பின் ஆசனங்களைக் கழற்றிப் பலகை அடித்து, மேலே மெத்தை விரித்தார். சின்னக் காஸ் அடுப்பு, தண்ணீர்க் கான் இரண்டு, பாண், பருப்பு, தேயிலை எல்லாம் ஏறின.

நான் எடுத்து வைத்த சாமான்களில் ஒரு துணிப்பையும் இருந்தது. அவர் திறந்து பார்த்தார். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், விவாகப் பதிவு, என் பட்டச் சான்றிதழ்.

"சுத்திப் பாக்கத்தானே போறம். உறுதியை ஏன் எடுக்கிறீர்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கை தானாகவே எடுத்து வைத்திருந்தது. அவர் மேலே ஒன்றும் கேட்காமல் பையைத் தன் ஆசனத்தின் கீழ் வைத்தார்.

கண்டி நகரம் சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர். இடையில் உள்ள தூரம் 80 கிலோமீற்றருக்கும் குறைவுதான். ஆனால் வளைவுகள் மிகுந்த ஏற்றம் என்பதால் மூன்று மணித்தியாலமாவது எடுக்கும். முதலில் வருவது பேராதனை. 1821 இல் நிறுவப்பட்ட தாவரவியற் பூங்காவைத் தாண்டினால் நான் சமூகவியல் படித்த பல்கலைக்கழகம். "இடப்பெயர்வு" என்பதை அங்கே ஒரு பாடமாகப் படித்துப் பரீட்சை எழுதினேன். லாண்ட்மாஸ்டர் பெட்டியைப் பற்றி அந்த விடைத்தாளில் ஒரு வரியும் எழுதவில்லை.

கம்பளை, புசல்லாவை கடந்ததும் கீழே கொத்மலை நீர்த்தேக்கம் தெரிந்தது. வானை ஓரமாக நிறுத்தித் தேநீர் வைத்தோம். பார்க்க அழகான தண்ணீர். மகாவலித் திட்டத்தில் 1985 இல் அந்த அணை முடிந்தபோது, வயலும் வீடும் விகாரைகளும் நீருக்குள் போயின. அங்கிருந்த சிங்களக் குடும்பங்கள் வேறு இடங்களில் குடியேற்றப்பட்டன. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது கடதொர விகாரையின் இடிபாடுகள் வெளியே தெரியும். யுத்தமில்லாமலும் ஊர் இழந்தவர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

றம்பொடை நீர்வீழ்ச்சிக்கு அப்பால் தேயிலைத் தோட்டங்கள். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஒரு அக்கா எங்கள் வானை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, வூட்டையே தூக்கிட்டு வந்துட்டீங்களா?"

சிரித்தபடி தேநீர் கொடுத்தேன். பேச்சோடு பேச்சாகத் துணிப்பையின் கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்கம்மாவும் அப்படித்தான். ட்ரங்குப் பெட்டியில சேலைக்கு அடியில கடுதாசிங்கதான் இருக்கும். அது இல்லேன்னா நாம யாருன்னு கேப்பாங்கன்னு சொல்லும்."

அந்தத் தாயின் பயத்துக்குக் காரணம் உண்டு. 1867 இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்பு, கோப்பிக் காலத்திலேயே, இவர்களுடைய முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தே வந்தார்கள். வழியில் இறந்தவர்கள் பலர். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த 1948 ஆம் ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. மிஞ்சியிருந்தோருக்கும் உரிமை கொடுக்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. ஒரு கடுதாசிக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலான காத்திருப்பு.

நுவரெலியாவில் ஒரு கோயில் வளவில் அனுமதி கேட்டு வானை நிறுத்தினோம். அறியாத இடத்தில் தெருவோரம் படுப்பதைவிட அது பாதுகாப்பு. குளிர் எலும்புக்குள் ஏறியது. நடுச்சாமத்தில் மழை கூரைத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் திடுக்கிட்டு எழும்பினேன். கை ஆசனத்தின் கீழ் தடவியது. பை இருந்தது.

"பயந்திட்டீரே?" என்றார் அவர்.

"ஓம்" என்றேன். திருமணமாகி ஏழு வருடத்தில் அந்த இரவைப் பற்றி அப்போதுதான் முதன்முதலாக முழுவதும் சொன்னேன். தையல் மெசினைப் பாதிவழியில் இறக்கி வைத்துவிட்டு அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்ததையும் சொன்னேன். அவர் காஸ் அடுப்பை மூட்டித் தேநீர் போட்டார். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்தது. விடியும்வரை கதைத்துக்கொண்டிருந்தோம்.

காலையில் கிரகறி வாவிக் கரையில் நடந்தோம், லீக்ஸும் கரட்டும் வாங்கினோம். இறங்கும்போது அவர் சிறிய கியரிலேயே ஓட்டினார். அந்த இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிக் கைவிட்டுவிடும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடு முழுவதும் 600 இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிவாரணப் பணிக்குப் போன இடங்களில், உயிர் தப்பிய பெண்கள் அடையாள அட்டையும் இல்லாமல் நின்றார்கள். எங்கள் துணிப்பையைப் பற்றி அதன் பிறகு நான் வெட்கப்படவில்லை. பத்திரங்களின் பிரதிகளை எடுத்து, பொலித்தீன் உறையில் இட்டு, ஒரு தொகுதியை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். உறுதி பாதுகாப்பாக இருந்தால் மனம் கொஞ்சம் இலேசாகும்.

சகோதரிகளே, நீங்களும் ஒருமுறை போய் வாருங்கள். வான் இல்லாவிட்டால் கண்டியிலிருந்து பஸ் இருக்கிறது. கணவரை இழந்தவர்கள் பிள்ளையோடோ, சகோதரியோடோ, அயல் வீட்டுத் தோழியோடோ போகலாம். ஓடுவதற்காக மூட்டை கட்டிய கைகள் எங்களுடையவை. மலை பார்க்கவென்றும் ஒரு மூட்டை கட்டிப் பார்ப்போமே. தேயிலையும் சீனியும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். இரவில் குளிரும்.