பட்டியலில் ஏறாத பிழைகள்

முப்பத்திரண்டு வருஷம் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தவன் நான். புத்தகம் முழுக்க அச்சாகி பைண்டிங்குக்குப் போகிற நேரத்தில்தான் சில பிழைகள் பல்லிளிக்கும். அதற்குள் எழுத்தையெல்லாம் பிரித்து கேஸில் போட்டிருப்பார்கள். வேறு வழியில்லாமல் கடைசியில் ஒரு துண்டுத் தாள் ஒட்டுவோம். பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நாலு கட்டம். இருபதுக்கு மேல் ஏற்றினால் முதலாளிக்குப் பிடிக்காது, ஆனால் நாற்பது என் கண்ணில் பட்டிருக்கும். ஒற்று விட்டது, லகரம் ளகரமானது எல்லாம் ஏறும். ஒருமுறை ஒரு பத்தி முழுசாக இடம் மாறி அச்சாகிவிட்டது. அந்த நாலு கட்டத்துக்குள் அதை எப்படித் திணிப்பது? விட்டுவிட்டேன். நூலாசிரியர் துண்டுத் தாளைப் பார்த்துவிட்டு, “எவ்வளவு கவனம் சார் உங்களுக்கு!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் சுயசரிதையைப் படித்தபோது அந்தக் கைப்பிடிதான் நினைவுக்கு வந்தது. அவரும் அச்சுக்காரர். பாஸ்டனில் அண்ணன் ஜேம்ஸிடம் தொழில் பழகி, 1723இல் பதினேழு வயதில் ஓடிப்போய், பிலடெல்பியாவில் சொந்த அச்சகம் நடத்தியவர். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டதெல்லாம் பிற்பாடு. தன் வாழ்க்கையின் தவறுகளுக்கு ‘எர்ராட்டா’ என்றே பெயர் வைத்தார். எங்கள் பிழைதிருத்தத் தாளுக்கு அந்த ஊர் அச்சுக்காரர்கள் சொல்லும் பெயர் அது.

1771இல், அறுபத்தைந்து வயதில், இங்கிலாந்தில் ட்வைஃபோர்டு என்ற ஊரில் ஒரு பிஷப்பின் வீட்டில் தங்கியிருந்தபோது எழுதத் தொடங்கினார். தாளை நெடுக மடித்து, ஒரு பாதியில் எழுதிவிட்டு, மறு பாதியைத் திருத்தத்துக்கென்று வெறுமையாக விட்டாராம். எழுத உட்காரும்போதே திருத்தத்துக்கு இடம் ஒதுக்குகிற ஆள்! தொழில் புத்தி எங்கே போகும்?

அவர் ஏற்றிய பிழைகளைப் பாருங்கள். அண்ணனை விட்டு ஓடியது ஒன்று. அண்ணன் இறந்த பிறகு அவர் மகனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து ஈடுகட்டினார். வெர்னன் என்பவருக்காக வசூலித்த பணத்தைக் கையாடியது இன்னொன்று. அதை வட்டியோடு அடைத்தார். டெபோரா என்ற பெண்ணுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு லண்டன் போய், ஒரே ஒரு கடிதத்தோடு மறந்துபோனார். 1730இல் அவளையே மனைவியாக்கிக்கொண்டார். பெரும்பாலும் பிழைக்கு எதிரே திருத்தம் இருக்கிறது. படிக்கிறவனுக்கு மனசு இளகிவிடும். இவ்வளவு ஒப்புக்கொள்கிற மனுஷன் மிச்சத்தை மறைப்பானா என்று தோன்றும்.

மிச்சம் இருந்தது. மூத்த மகன் வில்லியமின் தாய் யார் என்று புத்தகத்தில் ஒரு சொல் இல்லை. இன்றுவரை யாருக்கும் தெரியாது. வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார். அவர் நடத்திய பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வந்தன. அதுவும் பட்டியலில் ஏறவில்லை. கடைசி வயதில் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவராகி, 1790இல் நாடாளுமன்றத்துக்கு மனுவே அனுப்பினார். கதை 1757ஓடு நின்றுவிட்டதால் அதைச் சொல்ல அவருக்கு வாய்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சாமர்த்தியத்தை அவர் ஒளிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. கடை வைத்த புதிதில், வாங்கிய காகிதத்தைத் தானே தள்ளுவண்டியில் வைத்துத் தெருவழியே தள்ளிக்கொண்டு வருவாராம். உழைப்பாளியாக இருந்தால் போதாது, ஊர் கண்ணுக்கும் அப்படித் தெரிய வேண்டும் என்று அவரே எழுதுகிறார். பதின்மூன்று நற்குணங்களுக்கு நோட்டில் கட்டம் போட்டு, தவறிய நாளில் கறுப்புப் புள்ளி வைத்தவர், பணிவு மட்டும் நிஜத்தில் அவ்வளவாகக் கைகூடவில்லை, தோற்றத்தில் நன்றாகவே வந்தது என்கிறார். சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, நம்மைச் சிரிக்கவைத்துவிட்டு அவர் அடுத்த பக்கத்துக்கு நகர்ந்துவிட்டார் என்று.

ஒரே ஓர் இடத்தில் இந்தக் கணக்கு உடைகிறது. நாலு வயது மகன் பிரான்சிஸ் 1736இல் பெரியம்மையில் இறந்தான். அம்மை குத்தாமல் விட்டதற்காக இன்றும் வருந்துகிறேன் என்று இரண்டு மூன்று வரிதான் எழுதுகிறார். எதிரே திருத்தம் எதுவும் இல்லை. மற்ற பெற்றோராவது எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, பேச்சை மாற்றிவிடுகிறார். அந்த இடத்தில் அச்சுக்காரரைக் காணோம், ஓர் அப்பாதான் தெரிகிறார். புத்தகத்தில் நான் முழுசாக நம்புகிற பத்தி அது.

வில்லியம் விஷயம் இன்னும் வலிக்கிறது. புத்தகத்தின் முதல் பகுதி அந்த மகனுக்கு எழுதிய கடிதம்தான். அப்போது வில்லியம் நியூ ஜெர்சியின் ஆளுநர். புரட்சி வந்ததும் மகன் மன்னர் பக்கம் நின்று, 1776இல் கைதானார். 1784இல் பாரிஸுக்கு அருகே பாஸியில் அப்பா மறுபடி பேனாவை எடுத்தபோது, எழுத்து மகனை விட்டு உலகத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டது. உயிலில் மகனுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

போன மாதம் பேரன் கைபேசியை என் முன்னால் வைத்து, “உங்க கதையைச் சொல்லுங்க தாத்தா, ரெக்கார்ட் பண்றேன்” என்றான். உற்சாகமாகத்தான் ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டது, ஹோட்டலில் காசு தராமல் நழுவியது, பத்து வருஷம் கழித்துப் போய்க் கொடுத்தது எல்லாம் சரளமாக வந்தது. பையன் விழுந்து விழுந்து சிரித்தான். நடுவில் திடீரென்று, “சின்னத் தாத்தாகிட்ட நீங்க ஏன் பேசறதே இல்லை?” என்று கேட்டான்.

தொண்டை கட்டுகிறது, கொஞ்சம் தண்ணி கொண்டு வா என்றேன். அவன் எழுந்து உள்ளே போனான். கைபேசி மேஜைமேல் ஓடிக்கொண்டே இருந்தது.