கட்டைப்பைக்குள் ஒரு மலை

போடிநாயக்கனூரிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களின் கட்டைப்பையில் முதலில் இறங்குவது தூக்குப்போணி. உள்ளே சோறு, மேல்தட்டில் குழம்போ துவையலோ. வளைவுகளில் ஜீப் குலுங்கும்போது மூடி திறந்துகொள்ளாதபடி ஒரு துணிக்கட்டு. அதன்மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் கட்ட ஒரு துண்டு, நாலாக மடித்த பிளாஸ்டிக் தாள், சின்னப் பொட்டலத்தில் உப்பு அல்லது மூக்குப்பொடி. செல்போனுக்கு மட்டும் பையில் இடமில்லை. பாலிதீன் உறைக்குள் போய், சுருக்குப்பையோடு இடுப்பில் செருகப்பட்டுவிடும்.

பயணத்தில் இருந்தபடி வேலை பார்க்கிறவர்களுக்கு என்னென்ன தேவை என்று இன்றைக்குப் பட்டியல் போடுகிறவர்கள் மடிக்கணினியில் தொடங்கிப் பவர்பேங்கில் முடிப்பார்கள். விடியுமுன் மலையேறி, இருட்டும் நேரத்தில் வீடு திரும்பும் இந்தப் பெண்களின் பட்டியலை யாரும் எழுதி வைத்ததில்லை. அம்மாவிடமிருந்து மகளுக்கும், பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து புதிதாக வேலைக்கு வருகிற பெண்ணுக்கும் அது வாய்வழியாகவே போய்ச் சேர்கிறது.

அந்தப் பையில் இரண்டு வானிலைக்கான சாமான் இருக்க வேண்டும். போடி மழை மறைவுப் பகுதியில் கிடக்கிற ஊர். மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போடிமெட்டை அடைந்தால் மாநிலம் கேரளமாக மாறுகிறது, காற்றும் மாறுகிறது. கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85 இந்த மலைமுகட்டைக் கடந்துதான் பூப்பாறைக்கு இறங்குகிறது. ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கம் விடாமல் பெய்யும்போது இந்தப் பக்கம் புழுதி பறந்துகொண்டிருக்கும். கீழே வியர்த்த உடம்பு மேலே போய் நடுங்குகிறது. முழுக்கைச் சட்டை அதற்குத்தான். கைகளை இலைகளும் பூச்சிகளும் பதம் பார்க்காமல் காப்பதும் அதே சட்டைதான்.

காய் எடுப்பு என்பது தரையோடு தரையாக நடக்கிற வேலை. ஆளுயரத்துக்கு மேல் வளரும் ஏலச்செடி காய்ப்பதென்னவோ தூரடியில். அங்கிருந்து கிளம்பும் சரங்கள் மண்ணை ஒட்டிப் படர்கின்றன. குனிந்தோ குந்தியோ சரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, விளைந்த காயை மட்டும் மறு கையால் கிள்ள வேண்டும். பிஞ்சில் கை பட்டால் அடுத்த எடுப்புக்குக் காய் குறையும். கண்ணும் பத்து விரலும் சரத்தில் இருக்கும்போது அட்டை கணுக்காலில் ஏறியிருக்கும். பிய்த்து எடுத்தால் ரத்தம் நிற்காது. உப்பைத் தொட்டு வைத்தால் தானாகச் சுருண்டு விழும்.

இந்த வேலையில் குடை பிடிக்கக் கை ஏது? இந்தியச் சட்டம் ஒன்றில் குடை இடம்பெற்ற கதையைப் படிக்கும்போது இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 17-ஆம் பிரிவில், மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளரைக் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு, இவை போன்ற பிற வசதிகளை முதலாளி தரவேண்டும் என்று மாநில அரசுகள் விதி செய்ய வழி வைத்தது. டெல்லியில் சட்டம் எழுதியவர்கள் ஒரு கூலிப்பெண்ணின் நனைந்த தலையை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். மனம் நெகிழவைக்கும் பிரிவு அது. குடிநீர், கழிப்பறை, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றுக்கும் அதே சட்டத்தில் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன.

ஆனால் அந்தச் சட்டம் மனக்கண்ணில் கண்டது தோட்டத்து லயத்திலேயே குடியிருக்கும் தொழிலாளியை. ஏலக்காயிலோ சிறு தோட்டங்கள் ஏராளம். ஐந்து ஹெக்டேரும் பதினைந்து ஆட்களும் இருந்தால்தான் அந்தச் சட்டத்தின் கணக்கில் அது தோட்டமாக இருந்தது. இன்று ஒரு தோட்டம், அடுத்த வாரம் வேறொன்று என்று ஜீப்பில் வந்துபோகிறவரின் குடைக்கு யார் பொறுப்பு? பையிலிருக்கும் பிளாஸ்டிக் தாள்தான் அந்தக் கேள்விக்கு அவர்களே கண்டுபிடித்த பதில். தலையிலிருந்து முதுகு வழியாகத் தொங்கவிட்டு இடுப்பில் ஒரு கயிறு கட்டிவிட்டால், இரண்டு கையும் வேலைக்கு மிஞ்சும். கிராமத்து ஆட்கள் சாக்கை மடித்துப் போட்டுக்கொள்ளும் கொங்காணியின் அடுத்த தலைமுறை அது.

ஆட்களுக்கு எப்படியோ, சரக்குக்கு இந்த மலை எப்போதுமே நல்ல வண்டி வைத்திருந்தது. மூணாறுத் தேயிலையை மலைமுகட்டிலிருந்த டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவர 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908-இல் அதுவே சிறு ரயில் பாதையானது. 1924 வெள்ளம் அதை அழித்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி போடிப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து போடிக்கு மாட்டுவண்டி. கம்பிவடம் போன சரிவுகளில் மனிதர்களுக்கு இருந்தது நடந்து போகும் பாதைதான்.

ஏலக்காய்க்கும் அந்த மரியாதை உண்டு. பச்சைக்காய், ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் கூடத்தில் உலர்ந்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எடைக்கு வந்ததும் மூட்டையாகி, நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்குப் போடிக்கோ கேரளத்தின் புற்றடிக்கோ போகிறது. வியாபாரிகள் கையில் மாதிரியும் எதிரே கணினித் திரையுமாக உட்கார்ந்து விலை கேட்கிறார்கள். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்தக் காயைக் கிள்ளிய விரல்களின் சொந்தக்காரர்கள் அன்றைக்கும் ஜீப்பில் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் மலை இறங்கியிருப்பார்கள். அளவுக்கு மீறி ஆளேற்றிய வண்டி வளைவில் தடுமாறினால் என்ன ஆகும் என்பது போடி, தேவாரம், கம்பம் ஊர்களில் எல்லா வீட்டுக்கும் தெரியும்.

சாமான் விஷயத்தில் இந்தப் பெண்களுக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டியதில்லை. அவர்களால் பையில் போட்டு எடுத்துப்போக முடியாதவை சில உண்டு: எண்ணி ஆளேற்றும் வண்டி, காலையில் ஜீப்புக்குக் காத்திருக்கும் இடத்தில் ஒரு கழிப்பறை, மலைமேல் உடை மாற்ற நாலு சுவர், ஈரத்துணியோடு திரும்புகிறவர்களுக்குக் கூரை போட்ட நிறுத்தம். தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை இது. குடையையும் கம்பளியையும் எழுதிவிட்டு, இவை போன்ற பிற வசதிகள் என்று 1951-இல் ஒரு கதவைத் திறந்து வைத்தார்களே, அதன் வழியாக முதலில் உள்ளே வரவேண்டியது அந்த ஜீப்பில் ஆளுக்கொரு இருக்கை.