செல்லுலார் சிறையில் ஒரு பல்கலைக்கழகம்

போர்ட் பிளேயர் போனால் (ஸ்ரீ விஜயபுரம் என்று பேரை மாற்றிவிட்டார்கள், வாயில் இன்னும் வரமாட்டேன் என்கிறது) செல்லுலார் சிறையில் செக்கையும் தூக்குமேடையையும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அங்கே வகுப்புகள் நடந்த கதை அவ்வளவாகப் பேச்சில் வருவதில்லை.

ஆளுக்கொரு தனியறை, எட்டாத உயரத்தில் சின்னதாக ஒரு காற்றுத்துளை. ஒரு கட்டடத்தின் முகப்பு அடுத்ததன் முதுகைப் பார்த்திருக்கும். ஒரு கைதியின் முகம் இன்னொரு கைதிக்குத் தெரியக் கூடாது என்று கட்டிய கட்டடம். அதற்குள் பாடத்திட்டமாவது!

அந்தப் படிப்பு சும்மா கிடைக்கவில்லை. 1933 மே மாதம் விடுதலைப் போராட்டக் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கேட்டதெல்லாம் தின்னக்கூடிய சோறு, அறைக்கு வெளிச்சம், படிக்கப் புத்தகம், செய்தித்தாள். பகத் சிங்கின் தோழர் மகாவீர் சிங்குக்குக் குழாய் வழியே பலவந்தமாக ஊற்றிய பால் நுரையீரலுக்குள் போய், அவர் இறந்தார். மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மொய்த்ரா இருவரும் அதே போராட்டத்தில் போனார்கள். 46 நாள் கழித்துத்தான் அரசு இறங்கிவந்தது.

அப்புறம் பாருங்கள். வரலாறு, பொருளாதாரம், மார்க்சியம் என்று வகுப்புகள். வாத்தியாரும் கைதி, மாணவனும் கைதி. டாக்டர் நாராயண் ராய் இதில் முன்னால் நின்றவர். 1935-இல் கம்யூனிஸ்ட் கன்சாலிடேஷன் என்று அமைப்பே கட்டினார்கள், கையெழுத்துப் பத்திரிகையும் நடத்தினார்கள்.

இன்று இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பல சிறைகளில் படிப்பு மையம் வைத்திருக்கிறது. ராஜீவ் கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளன் சிறையிலிருந்தபடியே எம்.சி.ஏ. முடித்தார். பெரிய விஷயம்தான். ஆனால் தபால் பாடத்தோடு மல்லுக்கட்டுவது வேறு, எதிரே ஒருவர் உட்கார்ந்து "அது எப்படிச் சொல்றே?" என்று மடக்குவது வேறு. நம் கல்லூரி ஆசிரியர்கள் வாரம் ஒருநாள் புழல் சிறைக்கோ வேலூர் சிறைக்கோ போய் வகுப்பெடுத்தால் என்ன?