அச்சத்தை அதட்டி விரட்ட முடியுமா?



வழக்கமாக இப்பக்கத்தில் இலக்கணமும் கற்பித்தல் முறைகளும் இடம்பெறும். இன்று எங்கள் வீட்டு நாயைப் பற்றி எழுதுகிறேன். ஆசிரியர்களும் பெற்றோர்களும் பொறுத்தருள்க. பேச்சு முடிவில் வகுப்பறைக்கே வந்து சேரும்.

மணி, ஜார்ஜ்டவுன் சந்து ஒன்றில் பிறந்தவன். வீட்டில் பூனையினும் சாது. ஆனால், கயிறு கட்டித் தெருவில் அழைத்துச் செல்லும்போது வேறொரு நாயைக் கண்டுவிட்டால் பற்களைக் காட்டிப் பாய்வான். 2015ஆம் ஆண்டு பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் கண்டறியப்பட்டதும் தெருநாய்கள் கொல்லப்பட்டதும் இங்குள்ள பலர்க்கும் நினைவிருக்கும். “டீச்சர், யாரையாவது கடிப்பதற்குள் எங்காவது கொடுத்துவிடுங்கள்,” என்றார் பக்கத்து வீட்டு அம்மா. அவர்மீது எனக்கு வருத்தமில்லை. எனக்கும் அதே அச்சம் இருந்தது.

நான் செய்ததெல்லாம் கயிற்றைச் சுண்டி இழுத்து அதட்டியதுதான். நாளுக்கு நாள் அவனது சீற்றம் கூடியது.

உடலில் வலியோ நோயோ இல்லை என்று சோதித்தறிந்த கால்நடை மருத்துவர், “இது திமிரன்று, பயம்,” என்றார். அஞ்சும் நாய் விலகி ஓடவே விரும்பும். கயிறு அதனைத் தடுக்கிறது. ஓட முடியாததால், எதிரில் இருப்பதை ஓட வைக்கக் குரைக்கிறது. அந்நேரத்தில் நாம் சுண்டி இழுத்தால், ‘இன்னொரு நாய் வந்தால் கழுத்து வலிக்கும்’ என்றே அது கற்றுக்கொள்கிறது.

வெட்கமாக இருந்தது. பாவ்லோவின் நாய்களைப் பற்றி ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் தேர்வுக்காக மனனம் செய்தவள்தானே நான்! மேரி கவர் ஜோன்ஸ் 1924இல் வெளியிட்ட ஆய்வும் நினைவுக்கு வந்தது. முயலைக் கண்டு நடுங்கிய சிறுவனுக்கு விருப்பமான உணவைக் கொடுத்து, அவன் உண்ணும்போது முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்தார் அவர். அச்சம் மெல்லக் கரைந்தது.

அதையே மணியிடம் செய்தேன். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்பைச் சுற்றும் பட்டை அணிவித்தேன். அருகில் வசிக்கும் சீனப் பெரியவர் ஒருவர், தம் பழுப்பு நிற நாயுடன் திடலின் மறுகோடியில் நிற்க இசைந்தார். மணி அந்நாயைப் பார்த்த உடனே, குரைப்பதற்கு முன்பே, அவித்த கோழித்துண்டு கொடுத்தேன். நாய் மறைந்ததும் கோழியும் நின்றது. இந்த வரிசை முக்கியம்: முதலில் நாய், பிறகு உணவு. அவன் வாயை இறுக மூடி, உடல் விறைத்து, கண் கொட்டாமல் நோக்கினால் நாங்கள் நெருங்கிவிட்டோம் என்று பொருள், உடனே பின்வாங்குவோம். உணவை ஏற்க மறுத்தாலும் அப்படியே. சில நிமிடங்களே பயிற்சி. மிரண்ட நாளின் மறுநாள் ஓய்வு.

பல மாதங்கள் கழித்து ஒரு காலை, எதிர்ச்சாரியில் ஒரு நாயைக் கண்ட மணி பாயாமல் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். நடுத்தெருவில் நின்று நான் கண் கலங்கினேன். இன்றும் திருப்பத்தில் திடீரென ஒரு நாய் எதிர்ப்பட்டால் குரைக்கத்தான் செய்கிறான். எல்லா நாய்களோடும் அவன் நட்புக் கொள்ள வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அமைதியாகக் கடந்து சென்றால் போதும்.

அன்று இரவு, முன்பு என்னிடம் இரண்டாம் ஆண்டில் பயின்ற ஒரு மாணவனை எண்ணிக்கொண்டேன். உரக்க வாசிக்கச் சொன்னால் நூலால் முகத்தை மறைத்துக்கொள்வான். பிடிவாதம் என்று கருதி, வாசிக்கும்வரை அவனை நிற்க வைத்தேன். அவனும் ஓட முடியாத இடத்தில்தான் நின்றிருக்கிறான்; கயிறு என் கையில் இருந்திருக்கிறது.

இவ்வாண்டும் அப்படியொரு பிள்ளை என் வகுப்பில் இருக்கிறாள். முதலில் என்னிடம் மட்டும், ஒரே ஒரு சொல். பின்னர்த் தோழியிடம் ஒரு வரி. வகுப்பின் முன் நிற்பதற்கு இன்னும் காலம் இருக்கிறது. அந்தத் தொலைவை அவளே குறைக்கட்டும்.