மண்குதிரையின் மெய்யும் பொய்யும்

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பது பழமொழி. அது குதிரையன்று, 'மண்குதிர்' என்னும் மணல்மேடே என்று பொருள் கொள்வாரும் உளர். எது மூலம், எது திரிபு என்ற வழக்கு நம் வகுப்பறையில் ஆண்டுதோறும் எழும், இதுவரை தீர்ந்ததில்லை. புதுக்கோட்டைச் சீமையில் வாழ்வோருக்கு மண்குதிரை பழமொழியில் மட்டும் நிற்பதன்று. கண்மாய்க் கரையிலும் ஆலமரத்தடியிலும் அய்யனாரின் முன் அணிவகுத்து நிற்பது. திருமயம் சாலையில் நமணசமுத்திரத்தையும் இளங்குடிப்பட்டிச் சோலை ஆண்டவர் கோயிலையும் கண்டவர்களுக்கு அந்த வரிசையை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவர் நம்மை அழைத்தார். பழம்பொருள் கடையொன்றில் ஒரு மண்குதிரையின் தலை விலைக்கு வந்திருக்கிறதாம். சுவரில் மாட்டினால் முகமூடிபோல் அழகாயிருக்குமாம். ஏதோ ஒரு கோயிலிலிருந்து வந்த நூறாண்டுப் பழைய தலை என்று கடைக்காரர் சொன்னாராம். "அசலா போலியா என்று நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்லிவிட்டால் போதும்" என்றார். தமிழ் படித்தவனுக்கு மண்ணும் தெரிந்திருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. வேளார் வீடுகளுக்கு மாணவர்களோடு பலமுறை போய்வந்த பழக்கம் இருந்ததால் நாமும் மறுக்கவில்லை.

அசலை அறிய வேண்டுமாயின் அது உருவாகும் முறையை அறியவேண்டும். புரவியெடுப்பு என்று ஊர் கூடி முடிவு செய்ததும், ஊர்ப் பெரியவர்கள் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். அந்த ஒரு பிடி மண்ணிலிருந்துதான் குதிரை தொடங்குகிறது. கண்மாய்க் களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்துப் பதப்படுத்துவார்கள். வெறுங்களிமண் காயும்போது வெடித்துவிடும். முதலில் நான்கு கால்கள் குழாய்போல் எழும். அவற்றின் மேல் மண்திரிகளை அடுக்கி, உள்ளே ஒரு கை தாங்க, வெளியே பலகையால் தட்டித்தட்டி வயிறும் கழுத்தும் வளரும். உள்ளே குதிரை வெற்றிடம். சூட்டில் ஆவி வெளியேற உடலில் துளைகள் விடுவார்கள். நன்கு உலர்ந்தபின் வைக்கோலும் வறட்டியும் விறகும் அடுக்கி, மேலே மண் பூசிச் சூளை வைப்பார்கள். பிறகு சுண்ணாம்பு வெள்ளை, காவி, வண்ணங்கள். கண் திறந்தபின்தான் அது புரவி. அதுவரை பானைக்கு உடன்பிறப்பு.

இந்தச் செய்முறை ஒவ்வொன்றும் உடலில் தடம் விடுகிறது. உமி எரிந்து போன இடத்தில் நெல்மூக்கு அளவில் சிறு குழிகள் இருக்கும். உடைந்த விளிம்பைப் பார்த்தால் வெளிப்புறம் சிவந்தும் நடுவில் கருத்தும் தெரியும்; திறந்த சூளையில் தடித்த மண்ணின் நடுவிலுள்ள கரி முற்றாக எரிந்துபோவதில்லை. உட்புறத்தைத் தடவினால் விரல் பதிந்த பள்ளங்கள் கைக்குத் தட்டுப்படும். அச்சில் வார்த்ததாயின் இரு பாதிகள் பொருந்திய கோடு எங்கேனும் ஒளிந்திருக்கும். இடக்கண்ணும் வலக்கண்ணும் ஒன்றுபோலவே இருக்கும். கையால் செய்தவன் இரு கண்களை ஒன்றுபோல் செய்வதில்லை.

முதுமையைப் போலி செய்வதுதான் தேர்ந்த வேலை. சாணக் கரைசலில் ஊறவைப்பதும், தேயிலைச் சாயம் ஏற்றுவதும், மண்ணில் புதைத்து எடுப்பதும் உண்டு. ஆனால் வெயிலும் மழையும் நடுநிலை தவறியவை. வெட்டவெளியில் நின்ற குதிரையின் நெற்றியும் பிடரியும் தேயும். தாடையின் அடிப்பகுதி தேயாது. மழைச்சாரல் அடிக்கும் பக்கம் பாசி கருக்கும், மறுபக்கம் வெளுக்கும். எல்லாப் பக்கமும் ஒரே சீராக முதுமை அடைந்திருந்தால் அது ஒருவர் கொடுத்த முதுமையென்று கொள்ளலாம். விழாக்கள் பல கண்ட குதிரையாயின் கண்ணோரத்தில் சுண்ணாம்பும் காவியும் பின்னாளைய எனாமலும் அடுக்கடுக்காய் உரியும்.

ஆய்வுக்கூடங்களில் வெப்ப ஒளிர்வு முறை என்றொன்று உண்டு. சுடுமண் கடைசியாகச் சுடப்பட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அது ஏறத்தாழக் கணிக்கும். ஆனால் எந்தக் கருவியும் அந்தக் குதிரை யாருக்காகச் சுடப்பட்டது என்று சொல்லாது.

கடையில் அந்தத் தலையைக் கையில் எடுத்துப் பார்த்தோம். உமிக்குழி இருந்தது. விரல்தடம் இருந்தது. பிடரி தேய்ந்திருந்தது. கழுத்து முறிவு மட்டும் புதிது. அதன் சிவப்பில் இன்னும் தூசி படியவில்லை. தலை தானே விழுந்ததன்று என்பது தெளிவு.

நண்பரிடம் சொன்னோம்: "இது போலியாக இருந்தால் தயங்காமல் வாங்குங்கள் என்று சொல்லியிருப்போம். அசல், ஆகையால் வாங்காதீர்கள்." அவர் நாம் விளையாடுவதாக எண்ணினார். விலை பேசித் தருமாறு கேட்டார். நாம் உடன்படவில்லை. அதன்பின் அவர் நம்மோடு அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்தத் தலை இப்போது எந்தச் சுவரில் இருக்கிறதென்று கேட்கவும் நமக்கு மனமில்லை.

இதில் சட்டம் எவ்வளவு துணை நிற்கும்? 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம் நூறாண்டு கடந்த சிற்பங்களையும் கைவினைப் பொருள்களையுமே தொல்பொருள் என்கிறது. வெட்டவெளியில் நிற்கும் மண்குதிரைக்கு நூறாண்டு ஆயுள் அரிது. சிதைவது அதன் இயல்பு. சிதைந்ததைச் செப்பனிடாமல் புதியது எடுப்பதே வழக்கம். கோயிலிலிருந்து எடுத்துச்செல்வது எந்நாளும் திருட்டுத்தான். ஆயினும் செம்புத்திருமேனி காணாமற்போனால் எழும் கூக்குரல் ஒரு மண்தலைக்கு எழுவதில்லை.

உலகெங்கும் இக்கேள்வி உண்டு. அமெரிக்காவில் தொல்குடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததென்று விற்பதை 1990ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்குகிறது. அங்கே மெய்ம்மை செய்தவரின் குடியில் இருக்கிறது. நம்முடைய புவிசார் குறியீடு மெய்ம்மையை ஊரில் வைக்கிறது. மானாமதுரை மண்பாண்டம் 2023இல் அதைப் பெற்றது. மெலட்டூர் பாகவத மேளாவில் பிரகலாத சரித்திரத்துக்கு வரும் நரசிம்ம முகமூடியோ வழிபாட்டுக்குரியது. அதே அளவில், அதே வண்ணத்தில் இன்னொன்று செய்து வைத்தாலும் அது நரசிம்மமாகாது. அங்கே மெய்ம்மை வழிபாட்டில் இருக்கிறது. மண்குதிரைக்கும் இதுவே அளவுகோல் என்பது நம் துணிபு.

இந்த அளவுகோலை ஏற்றால் சங்கடமான முடிவுகளையும் ஏற்கவேண்டும். இன்று பல ஊர்களில் சிமென்ட் குதிரைகள் வந்துவிட்டன. குளமங்கலம் பெருங்காரையடி மிண்ட அய்யனார் கோயிலில் முப்பது அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் குதிரையும் கட்டியெழுப்பியதேயன்றிச் சூளையில் வெந்ததன்று. மாசி மகத்தில் அதற்கு விழும் காகிதப்பூ மாலைகளைப் பார்த்த எவரும் அதைப் போலி என்று சொல்லத் துணியார். மறுபுறம், ஒரு வேளார் அதே மண்ணில், அதே கையால் செய்து விடுதி வாசலுக்கு அனுப்பும் குதிரை, மண்ணால் அசலாயினும் புரவியன்று. ஆனால் வேளாருக்குச் சோறு போடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது குதிரைதான். கோயில் குதிரை சிமென்டுக்குப் போனபின், விடுதிக் குதிரையும் அச்சுக்குப் போய்விட்டால், பிடிமண் கொடுக்க ஊர் இருந்தும் வாங்கக் கை இராது.

இதை ஒரு முதிய வேளாரிடம் பேசினோம். விற்பனைக்குச் செய்யும் குதிரைகளில் பெயரும் ஆண்டும் கீறி வைத்தால், பழையதென்று சொல்லி விற்க முடியாதல்லவா என்றோம். வெற்றிலையை மென்றபடி சற்று நேரம் யோசித்தார். "சாமிக்குச் செய்யறதுல பேரு போடறதில்லீங்க சார். வீட்டுக்குப் போறதுல போட்டா, எது சாமிக் குதிரை, எது வீட்டுக் குதிரைன்னு நமக்கும் தெரியும்" என்றார். நாம் கடைக்காரரின் பொய்யைத் தடுக்க வழி தேடினோம். அவர் தமக்குள் ஓர் எல்லையை வகுத்துக்கொண்டார்.

ஆகவே, வீட்டில் ஒரு மண்குதிரை வேண்டுமென்று விரும்பும் அன்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. பழையதைத் தேடாதீர்கள். வேளார் வீட்டுக்குச் சென்று புதியதைச் சொல்லிச் செய்யுங்கள். சூளைக்குப் போகுமுன் ஈரமண்ணில் அவர் பெயரைக் கீறச் சொல்லுங்கள். கேட்ட விலையைக் கொடுங்கள். பழைய குதிரைகளைக் காண விரும்பினால் நமணசமுத்திரத்துக்குப் போங்கள். மழைக்காலம் முடிந்து போனால் சில தலைகள் தரையில் கிடக்கும். அவை அங்கேயே கிடந்து மண்ணாகட்டும்.