பில்லை யார் கட்டினாலும் கணக்கு பெரியவர்கள் கையில் இருக்கட்டும்

வயலில் பயிரைப் பார்த்து முடித்துத் திண்ணையில் உட்கார்ந்தால், இப்போதெல்லாம் வயதானவர்கள் என்னிடம் செல்போனை நீட்டுகிறார்கள். “இதுல என்ன வந்திருக்குன்னு கொஞ்சம் பாருங்க சார்” என்பார்கள். பாதி நேரம் அது கரண்டு பில் பற்றியதாக இருக்கும். கணக்கெடுக்க வருபவர் வெள்ளை அட்டையில் யூனிட்டையும் தொகையையும் எழுதிவிட்டுப் போன காலத்தில் இந்தச் சந்தேகம் வரவில்லை. இன்று பல வீடுகளில் அட்டை வெறுமையாக இருக்கிறது. தொகை எஸ்.எம்.எஸ்.ஸில் வருகிறது. அது யாருடைய போனுக்கு வருகிறது என்பதுதான் கேள்வி.

என் அத்தைக்கு 74 வயது. கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார். இரண்டு கறவை மாடு, அரை ஏக்கர் தீவனச் சோளம். மாமா இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகன் திருப்பூரில் வேலையில் இருக்கிறான். 2022 கடைசியில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது, அவன் தன் போன் நம்பரையே பதிவு செய்துவிட்டான். பில் அவனுக்கு வரும், அங்கிருந்தே கட்டிவிடுவான். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. ஆனால் எப்போது பில் வந்தது, எவ்வளவு, கட்டியாயிற்றா என்று எதுவும் அத்தைக்குத் தெரியாது.

போன கோடையில் ஒரு நாள் இரவு ஏழு மணிக்கு அத்தை என்னைக் கூப்பிட்டார். “கண்ணு, ஒன்பதரைக்குக் கரண்டை நிறுத்தப் போறாங்களாமா. பில்லு கட்டலியாமா. அந்த நம்பருக்குப் பேசினேன், ஏடிஎம் கார்டை எடுத்து வெச்சுக்கிட்டு யாராச்சும் பெரிய போன் வெச்சிருக்கறவங்களைக் கூட்டிட்டு வாங்கங்கறான். பக்கத்துத் தோட்டத்துப் பையனைக் கூப்பிடட்டுமா?” என்றார்.

இது ஊரெல்லாம் நடக்கிற மோசடி. ‘முந்தைய பில் பதிவாகவில்லை, இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த அதிகாரியை அழைக்கவும்’ என்று செய்தி வரும். அழைத்தால் ஒரு ஆப்பை இறக்கச் சொல்லிப் பத்து ரூபாய் கட்டச் சொல்வார்கள். அந்த ஆப் வழியே நம் போன் திரை முழுவதும் அவர்களுக்குத் தெரியும். கணக்கில் இருப்பதை வழித்துவிடுவார்கள். அத்தை வைத்திருப்பது பட்டன் போன் என்பதால் அன்று பால் பணம் தப்பியது.

அத்தை ஏமாளி அல்ல. பால் சொசைட்டியில் கொழுப்பு அரைப் பாயிண்ட் குறைத்துப் போட்டால் அங்கேயே நின்று கேட்பவர். பில் கட்டியது அவருக்குத் தெரிந்திருந்தால், “கட்டியாச்சு, வைடா போனை” என்று சொல்லியிருப்பார். உண்மையான செய்தி மகன் போனுக்குப் போனது. பொய்ச் செய்தி மட்டும் அத்தைக்கு வந்தது. பயம் வந்தது அந்த இடைவெளியில்தான்.

ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். இன்னொரு விஷயமும் தெரிந்தது. சித்திரை வெயிலில்கூட அத்தை இரவில் ஃபேன் போடுவதில்லை. “அவன் சம்பாதிக்கறதுல எனக்கு எவ்வளவு கட்டறானோ” என்றார். பழைய ஃபேன் 75 வாட். இரவு எட்டு மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட். மூன்று ரூபாய்க்குள்தான் வரும். இதைக் கணக்குப் போட்டுக் காட்டியபோது சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

மீட்டர் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். டிஜிட்டல் மீட்டரில் தேதி, நேரம், வோல்ட் எல்லாம் மாறி மாறி வரும். கே.டபிள்யூ.எச். என்ற எழுத்தோடு வரும் எண்தான் யூனிட். அந்த எழுத்தைத் தாளில் பெரிதாக எழுதி மீட்டர் பெட்டிக்குள் ஒட்டினேன். புள்ளிக்குப் பிறகு வருவதை விட்டுவிடலாம். முதல் வாரம் 6842, அடுத்த வாரம் 6870 என்று மாதக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதினார். வாரம் 28 என்றால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 240 யூனிட்.

மூன்றாவது வாரம் அவரே கூப்பிட்டார். “ஃபேன் போட்டாக்கூட அவ்வளவு ஏறலை கண்ணு, வேற எதோ தின்னுது” என்றார். மாட்டுக் கொட்டகையில் இரண்டு 60 வாட் குண்டு பல்பு விடிய விடிய எரிந்துகொண்டிருந்தது. தினம் 12 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். 9 வாட் எல்.இ.டி. மாற்றினால் 13 யூனிட்தான். மாற்றினார். இலவச மின்சாரம்தானே, பம்ப்செட்டிலிருந்து கொட்டகைக்கு ஒரு ஒயர் இழுத்துவிடலாம் என்று பக்கத்தில் ஒருவர் யோசனை சொன்னாராம். அது கூடவே கூடாது. அந்த இணைப்பு பாசனத்துக்கு மட்டும்தான். மீறினால் அபராதம் வரும்.

மகனிடம் பேசுவதுதான் சிரமமாக இருந்தது. “நான் கட்ட மாட்டேனா மாமா? இந்த வயசுல அம்மா ஆபீசுக்கு அலையணுமா?” என்று வருத்தப்பட்டான். அத்தையையே கேட்டோம். “பால் பணம் எடுக்க டவுனுக்குப் போறேனில்ல, பஸ்ஸுக்குக் காசில்லை. வர்ற வழியில கட்டிட்டு வந்தர்றேன். மழை, முடியலைன்னா உன்கிட்டச் சொல்றேன்” என்றார். பிரிவு அலுவலகத்தில் அத்தையின் நம்பரைப் பதிவு செய்தோம். மாமா பெயரில் இருந்த இணைப்பைப் பெயர் மாற்றவும் விண்ணப்பித்திருக்கிறோம்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். பில்லை நீங்களே கட்டுங்கள், தவறில்லை. கட்டிய உடனே வீட்டுக்குப் போன் செய்து தேதியையும் தொகையையும் சொல்லிக் காலண்டரில் எழுதச் சொல்லுங்கள். கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம் உண்டு என்பதும், 100 யூனிட் வரை கட்டணம் இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். மின்வாரியத்திலிருந்து யாரும் போனில் ஏடிஎம் எண்ணோ ஓ.டி.பி.யோ கேட்க மாட்டார்கள். சந்தேகம் வந்தால் மின்னகம் 94987 94987. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930. இந்த இரண்டு நம்பரையும் மீட்டர் பெட்டி மேல் கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள்.