கடனில்லாதவனுக்குக் கடனில்லை

பசுவந்தனையில் ஒருவரை உயர்வாகச் சொல்ல வேண்டுமானால், "அவருக்கு ஒரு காசு கடன் கிடையாது" என்பார்கள். பெண் கொடுக்கிறவர்கள் முதலில் விசாரிப்பதும் இதைத்தான். வானம் பார்த்த கரிசல் பூமியில், புரட்டாசியில் விதை போட்டவன் பருத்தி எடுக்கும் வரையில் கைம்மாற்று வாங்காமல் காலந்தள்ளுவது லேசான காரியமல்ல. ஆகையால் அந்தப் பெருமைக்கு அங்கே நிஜமான மதிப்பு உண்டு. நம் தகப்பனார் நமக்கு வைத்த ஆஸ்தியில் பெரும் பகுதி அதுதான். அதைச் சுமந்துகொண்டே, 2014-ஆம் வருஷம் சித்திரை மாதத்தில் உத்தியோகத்தின்பொருட்டு அமெரிக்காவில் டல்லாஸ் நகரம் போய்ச் சேர்ந்தோம்.

போன பதினைந்தாம் நாள் ஒரு பாங்கியில் கிரெடிட் கார்டுக்கு மனுச் செய்தோம். அந்தத் தேசத்தில் அது ஏதோ ஆடம்பரச் சாமான் என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. குடியிருக்க வீடு கேட்டாலும், கார் வாங்கப் போனாலும், மாதச் சந்தாவில் டெலிபோன் கேட்டாலும், கடன் விஷயத்தில் இவர் எப்படி என்று ஒரு எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். நமக்கோ அவசரம் இருந்தது. ஆவணியில் அங்கே பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். அதற்குள் மனைவியையும் எட்டு வயதுப் பெண்ணையும் அழைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தோம். பார்த்து வைத்திருந்த வீட்டின் சொந்தக்காரரோ, "எண் இல்லாதவர்கள் இரண்டு மாத வாடகை அதிகப்படியாக முன்பணம் கட்ட வேண்டும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பாங்கியிலிருந்து பத்து நாளில் பதில் வந்தது. மனு நிராகரிக்கப்பட்டது! கடன் மறுக்கப்பட்டவருக்குக் காரணத்தைக் கேட்டறியும் உரிமையை 1974-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று அங்கே கொடுத்திருக்கிறது. நாம் நேரிலேயே போய்க் கேட்டோம்.

"உங்கள் பெயரில் எந்தக் கடனும் இல்லையே!" என்றாள் அங்கிருந்த பெண்.

"ஆம், ஒன்றுகூட இல்லை" என்றோம், சற்று நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு.

"அதுதான் தடை" என்றாள் அவள், மிகுந்த அநுதாபத்துடன்.

விஷயம் இதுதான். ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்று மூன்று கம்பெனிகள் அங்கே ஜனங்களின் கடன் சரித்திரத்தை எழுதி வைக்கின்றன. அந்தச் சரித்திரத்தைக் கூட்டிக் கழித்து 300 முதல் 850 வரையில் ஓர் எண் போடுகிறார்கள். அதற்கு 'ஃபைகோ' என்று பெயர். அதில் 35 சதவிகிதம், வாங்கிய கடனைத் தவணை தவறாமல் கட்டினாரா என்பதற்கு. 30 சதவிகிதம், இப்போது எவ்வளவு கடன் நிற்கிறது என்பதற்கு. 15 சதவிகிதம், எத்தனை காலமாகக் கடன் கணக்கு நடக்கிறது என்பதற்கு. சம்பளம் இந்தக் கணக்கில் சேராது. கையிருப்பும் சேராது. குறைந்தது ஆறு மாதமாவது ஒரு கடன் கணக்கு நடந்தால்தான் எண்ணே பிறக்கும். நம் தேசத்தில் 2000-இல் தோன்றிய 'சிபில்' என்ற ஸ்தாபனமும் இத்தகைய எண் போடுகிறது. ஆனால் அந்த ஏடு வேறு, இந்த ஏடு வேறு. இதில் இன்னொரு வேடிக்கை. ஒரு பாங்கி இல்லையென்றால் மற்றொன்று என்று நாலு இடத்தில் மனுப் போட்டாலோ, ஒவ்வொரு விசாரணையும் ஏட்டில் பதிந்து, பிறக்கப்போகும் எண்ணையே குறைக்கக்கூடும்.

கடல் தாண்டினால் தமிழனுடைய நாணயம் செல்லாது என்று எக்காலத்திலும் இருந்ததாகச் சொல்ல முடியாது. நாட்டுக்கோட்டை நகரத்தார் ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்திருந்த நாட்களில், பாட்டன் தகப்பன் பெயர்களின் முதலெழுத்துக்களைக் கோத்து ஒரு குறி வைத்திருந்தார்கள். அதற்கு 'விலாசம்' என்று பெயர். விலாசம் எழுதிய உண்டிச் சீட்டு அக்கரையில் பணமாக மாறியது. பெட்டியடியில் இருக்கும் பையனை யாருக்கும் தெரியாவிட்டாலும், விலாசத்தை எல்லாருக்கும் தெரியும். 1930-இல் பர்மாவில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அந்தக் கடைகளில் நிலத்தை ஈடு வைத்த பர்மியக் குடியானவர்கள், நெல் விலை விழுந்தபோது நிலத்தையே இழந்தது தனிக் கதை. அது சந்தோஷமான கதையல்ல. நமக்கு இங்கே வேண்டியது, எழுத்து இரண்டு மூன்று கடல் தாண்டிப் போய் ஒரு மனிதனுக்கு ஜாமீன் நின்றது என்பது.

நமக்கு விலாசம் இல்லை, இனிஷியல்தான் இருந்தது. அந்த ஊர்ப் பாரங்களில் குடும்பப் பெயரில்லாமல் ஒன்றும் நகராது. ஆகவே இனிஷியலை விரித்தெழுதினோம். அன்று முதல் பாங்கியிலும் டெலிபோனிலும் எல்லாரும் நம்மை மரியாதையாக நம் தகப்பனார் பெயரைச் சொல்லியே அழைத்தார்கள்!

கடைசியில் ஒரு தமிழ் நண்பர், "ஸார், ஈடு கட்டி வாங்கும் கார்டு ஒன்று இருக்கிறது. ஆரம்பத்தில் எல்லாருக்கும் அதுதான்" என்று வழி காட்டினார். 500 டாலர் பாங்கியில் ரொக்கமாகக் கட்டினால், 500 டாலர் வரையில் கடன் வாங்கிக்கொள்ளக் கார்டு தருவார்கள். மாதாமாதம் கொஞ்சம் செலவழித்துக் கெடுவுக்கு முன் முழுவதும் கட்டிவிட வேண்டும். ஆனி மாதம் கார்டு வந்தது. அன்றிரவே டெலிபோனில் ஊருக்குக் காட்டினோம்.

"யய்யா, நம்ம ரூவாய அவங்கிட்டக் குடுத்துட்டு, அதையே அவங்கிட்டக் கடனா வாங்குறதா?" என்றார் தகப்பனார்.

"ஆமாப்பா."

"அது கெடக்கட்டும். அதுல எம் பேரு எதுக்குய்யா போட்டிருக்கு?"

ஆயுளில் ஒரு சீட்டிலும் கடன்பட்டுக் கையெழுத்துப் போடாத மனிதருக்கு, பளபளவென்ற கடன் அட்டையில் தம் பெயர் பொறித்திருப்பதை நாம் எப்படி விளக்குவது? முன்பணமும் ஈட்டுத் தொகையுமாகக் கையிலிருந்தது கரைந்துவிட்டது. பிரயாணச் சீட்டுக்கு மிச்சமில்லை. ஆவணியில் குழந்தை இங்கேயே நாலாம் வகுப்பில் உட்கார்ந்தாள்.

அந்த ஆறு மாதமும் கோவில்பட்டிக் கமிஷன் கடையை நாம் அடிக்கடி நினைத்துக்கொண்டோம். அங்கே முதலாளிக்கு எண் வேண்டாம். யார் மகன், எத்தனை குறுக்கம் நிலம், மழை எப்படி, தங்கைக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று நாலு கேள்வி கேட்டுவிட்டு, பருத்தி தம்முடைய கடைக்கே வர வேண்டும் என்ற பேச்சின்பேரில் பேரேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்வார். ஆனால் நினைக்க நினைக்க அந்தப் பேரேட்டைப் பற்றி நமக்கிருந்த பிரேமை சற்றுக் குறைந்தது. யார் மகன் என்ற அதே கேள்விதான், நிலமில்லாத கூலிக்காரனையும் சேரியிலிருந்து வந்தவனையும் வாசற்படியிலேயே நிறுத்தியது. நம் ஜில்லாவில் தூத்துக்குடியில் 1921-இல் நாடார் சமூகத்தார் தாங்களே ஒரு பாங்கியை ஸ்தாபித்துக்கொண்டார்கள். 1962 முதல் அது தமிழ்நாடு மெர்க்கண்டைல் பாங்க். ஆளுக்கு முகம் பார்க்காத கடன் எல்லாருக்கும் இயல்பாகக் கிடைத்திருந்தால் சமூகத்துக்கு ஒரு பாங்கி ஏன் வேண்டும்? அமெரிக்காவிலும் 1974-க்கு முன்னால், சம்பாதிக்கும் பெண்களிடங்கூடப் புருஷன் கையெழுத்துக் கேட்ட பாங்கிகள் ஏராளம். அந்த எண்ணுக்கு நம்மைத் தெரியாதுதான். நம் ஜாதியும் தெரியாது.

மார்கழியில் முதல் எண் பிறந்தது: 690. தை மாதத்தில் மனைவியும் குழந்தையும் வந்து சேர்ந்தார்கள். மனைவியின் விசாவில் வேலை செய்ய அநுமதி இல்லை; ஆகையால் அந்நாட்டுச் சமூகப் பாதுகாப்பு எண்ணும் இல்லை; அது இல்லாமல் தனிக் கார்டு கிடைப்பது அரிது. நம் கணக்கிலேயே அவளுக்கும் ஓர் அட்டை வாங்கினோம். அட்டை அவளுடையது, கடன் நம்முடையது. ஊரில் சுயசகாயக் குழுவின் கணக்கை ஐந்து வருஷம் ஒரு ரூபாய் பிசகாமல் எழுதியவள் அவள். அந்த நோட்டுப் புத்தகத்தைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தாள். கேட்பார்தான் இல்லை.

பிறகு வழி கொஞ்சம் திறந்தது. 2019-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பெனி, நோவா கிரெடிட் என்ற ஸ்தாபனத்தின் மூலமாக, இந்தியா முதலிய சில தேசங்களிலுள்ள கடன் ஏட்டையும் பார்த்துப் புதிதாக வந்தவர்களுக்குக் கார்டு கொடுக்க முன்வந்தது. ஆயினும் அந்த ஏட்டில் பாங்கிக் கடன்தான் இருக்கும். கமிஷன் கடைப் பேரேடு இராது. சமீபத்தில் கோவில்பட்டியிலிருந்து புறப்பட்ட பையன் ஒருவன் நம்மிடம் யோசனை கேட்டான். போகுமுன் ஊரில் ஒரு சிறு கார்டு வாங்கி ஒரு வருஷம் ஒழுங்காகக் கட்டிவிட்டுப் போகும்படியும், பாஸ்போர்ட்டில் இனிஷியலை எப்படி விரித்திருக்கிறதோ அப்படியே எல்லாப் பாரங்களிலும் எழுதும்படியும் சொன்னோம். ஈட்டுத் தொகை 500 டாலர் பதினான்காம் மாதத்தில் நமக்குத் திரும்பி வந்தது.